ஒற்றை பேட்டரியில் நாற்பத்திரண்டு பல்பு

கழுத்து திரும்பவில்லை. இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் உடம்பை முழுசாகத் திருப்பித்தான் முகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. கேரவன் என்று சொல்லப்படும் வீட்டு வண்டி ஒன்றின் கூரையை அண்ணாந்து பார்த்தபடி இரண்டு நாள் பல்பு கழற்றியதற்குக் கிடைத்த பரிசு. சின்ன வயதில் நார்த்தாமலைப் பக்கம் குவாரியில் சல்லி உடைத்தவன் நான். அங்கே குனிந்து குனிந்து முதுகு போயிற்று. ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஆனபிறகு அண்ணாந்து அண்ணாந்து கழுத்து போகிறது. முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

என் மனைவி அழகி உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். ஒத்தடம் கொடுக்கும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எந்த வைத்தியரும் அவளிடம் சொன்னதில்லை.

"அந்த மனுசன் கட்டுன வீட்ட விட்டுட்டு வண்டிக்குள்ள போயிப் படுக்குறாரு. அதுக்கு நீங்க கழுத்த ஒடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறீங்க."

"அவருக்காகவா செய்றேன்? பதினோரு பஸ்ஸுடி."

"பஸ்ஸு வரட்டும், பாப்போம். இப்ப கழுத்தக் காட்டுங்க."

பதினோரு பஸ் என்பது அந்த வீட்டு வண்டிக்குச் சொந்தக்காரரான அய்யப்பன் அண்ணனின் மச்சினர் ரெங்கசாமி நடத்தும் பள்ளிக்கூடத்துப் பஸ்கள். அவற்றுக்கு ஒயரிங் வேலை பார்த்தவன் திருப்பூருக்குப் போய்விட்டான். அந்த வேலை எனக்கு வந்தால் மாதாமாதம் ஒரு தொகை கைக்கு வரும். இலுப்பூரில் விராலிமலை ரோட்டில் நான் போட்டிருக்கும் தகரக் கொட்டகைக்கு ஒரு நாள் டிராக்டர் லைட் வரும், ஒரு நாள் பைக் ஹாரன் வரும், மூன்று நாள் ஈ வரும். ஈயிடம் கூலி கேட்க முடியாது. அய்யப்பன் அண்ணன் வண்டியைச் சரியாக முடித்துக் கொடுத்து, அவர் மச்சினரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கழுத்து.

அய்யப்பன் அண்ணன் கத்தாரில் இருபத்திரண்டு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டினார். எட்டுப் பேர் தங்கும் அறையில், இரும்புக் கட்டிலின் மேல்தட்டில் அத்தனை வருஷமும் படுத்தார். அனுப்பிய பணத்தில் ஊரில் நாலு அறை, மாடி, கிரானைட் தரை என்று வீடு எழும்பியது. போன தை மாதம் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வந்த மூன்றாம் மாதம், வீட்டில் தூக்கம் வரவில்லை என்று சென்னைக்குப் போய், சினிமாக்காரர்கள் கழித்துப் போட்ட கேரவன் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மினி பஸ் நீளம். உள்ளே ஒரு சமையல் மேடை, ஒரு கக்கூஸ், சுற்றிலும் பல்பு பதித்த ஆளுயரக் கண்ணாடி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டில். வந்த அன்றே மேல்தட்டில் ஏறிப் படுத்தவர் மறுநாள் வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. நாலு அறையும் கிரானைட்டும் செய்யாததை ஒரு தகரத் தட்டு செய்துவிட்டது.

ஒரு பெரிய நடிகர் பயன்படுத்திய வண்டி என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். எந்த நடிகர் என்று கேட்டதற்கு, "பேரச் சொன்னா வெல கூடும்" என்றானாம் விற்றவன். ஜெனரேட்டரையும், உள் சாமான்களுக்கென்று தனியாக இருந்த பேட்டரியையும் கழற்றி வைத்துக்கொண்டுதான் விற்றிருக்கிறான். பெயரைச் சொல்லாததற்குத் தள்ளுபடி போல.

இந்த வண்டியில் மனைவியைக் கூட்டிக்கொண்டு காஷ்மீர் போக வேண்டும் என்பது அண்ணனின் திட்டம். அவர் மனைவி கலைமதி அக்காள் அந்தப் பேரத்தில், ராமேஸ்வரம்வரை மட்டும் போகலாம் என்று இறங்கி வந்திருந்தாள்.

"இருவத்திரெண்டு வருசம் ஆளு அங்கிட்டு இருந்துச்சு, நான் வீட்டுல இருந்தேன். இப்ப ஆளு வாசல்ல இருக்கு, நான் வீட்டுல இருக்கேன். பிளேன் செலவு மிச்சம்" என்றாள் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தபடி.

"அதான் வண்டியில ஒனக்கும் ஒரு கட்டில் இருக்குல்ல. கீழ்த்தட்டு ஒனக்குத்தான்" என்றார் அண்ணன்.

"கிரானைட்டுல படுத்துப் பழகிட்டேன். நீங்களே ரெண்டு தட்டுலயும் படுங்க."

வண்டியில் பழைய மஞ்சள் பல்புகள் நாற்பத்திரண்டு இருந்தன. கூரையில் இருபத்தாறு, கண்ணாடியைச் சுற்றிப் பன்னிரண்டு, கக்கூஸ், சமையல் மேடை என்று மிச்சம். எல்லாவற்றையும் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் பேட்டரி காலி. உள்ளே உட்காரவும் முடியாது; இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால் அண்ணன் எல்.இ.டி. பல்பாக மாற்றச் சொன்னார். பல்பை அவரே ஆன்லைனில் வாங்கி, அட்டைப் பெட்டியோடு என் கையில் கொடுத்தார்.

கழற்றுவதுதான் பாடு. பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஹோல்டரிலேயே இருந்த பல்பு துருவோடு சேர்ந்து குடும்பமாகிவிடும். திருகினால் கண்ணாடி கையோடு வரும், அடி அங்கேயே நிற்கும். மூக்குக் குறட்டால் அடியை நெளித்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஹோல்டரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்த்த தூள் எல்லாம் கண்ணில். பழைய பல்புக்கு பிளஸ் எந்தப் பக்கம் வந்தாலும் எரியும், அதற்கு மானம் ரோஷம் கிடையாது. எல்.இ.டி. அப்படி இல்லை, பக்கம் மாறினால் செத்த மாதிரி இருக்கும். சினிமா வண்டியில் ஒயர் இழுத்தவன் எவனோ, சிவப்பையும் கறுப்பையும் தன் இஷ்டத்துக்குப் போட்டிருந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்ப வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் மதியம், எல்லா ஹோல்டரும் தயாரான பிறகு, புதுப் பல்பை எடுத்து அடிப்பாகத்தைப் படித்தேன். பன்னிரண்டு வோல்ட் என்று போட்டிருந்தது.

வண்டி இருபத்து நாலு வோல்ட். பஸ், லாரி எல்லாமே அப்படித்தான். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாகச் சேர்த்து இருபத்து நாலு ஆக்கியிருப்பார்கள். இந்தப் பல்பை அதில் மாட்டினால் ஒரு நிமிஷம் கல்யாண வீடு, மறு நிமிஷம் இழவு வீடு.

அண்ணனிடம் சொன்னேன். அப்போது ரெங்கசாமியும் அங்கே இருந்தார். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு போன், இரண்டு பேனா. மச்சான் வண்டியைப் பார்க்க வந்தவர் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது பன்னெண்டு. ஒண்ணு, இதத் திருப்பி அனுப்பிட்டு இருவத்து நாலு வாங்குங்க. இல்லாட்டி வோல்டேஜக் கொறைக்கிற கன்வெர்ட்டர் ஒண்ணு போடணும். அதத் திருச்சியிலதான் வாங்கணும்."

"வெள்ளிக்கிழமை காலையில கெளம்புறோம் தம்பி. பல்பத் திருப்பி அனுப்பி அது எப்ப வர்றது?"

"அப்ப கன்வெர்ட்டர் போட்ருவோம். நாளைக்கே போயி வாங்கியாந்துர்றேன்."

"அது எவ்வளவு வரும்?"

சொன்னேன். பல்பு அத்தனையும் சேர்ந்த விலையைவிட அது கூடுதல். அண்ணன் முகத்தில் பாலைவனம் தெரிந்தது.

"ஏன், ஒத்த பேட்டரியில எடுத்தா என்ன?" என்றார் ரெங்கசாமி. "நம்ம பஸ்ஸுல எல்லாம் பாட்டு அப்படித்தான ஓடுது?"

உண்மைதான். இந்த ஜில்லாவில் ஓடும் பாதிப் பஸ்களில் பாட்டுப் பெட்டிக்கு ஒற்றை பேட்டரியில்தான் ஒயர் இழுத்திருப்பார்கள். நானே இழுத்திருக்கிறேன். தப்பு என்று தெரிந்துதான் இழுப்போம். ஒரே கம்பில் கல் சுமக்கிற இரண்டு பேரில் ஒருவனை மட்டும் இடையிடையே கூப்பிட்டு வேறு வேலையும் வாங்கினால் என்ன ஆகும்? சோறு இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான். ஒருத்தன் வயிறு முட்டிக் கிடப்பான், ஒருத்தன் சுருண்டு விழுவான். அவன் விழுந்தால் கல்லும் விழும். பஸ் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பதால் அது தெரிய நாளாகும். நிற்கிற வண்டிக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது.

இதையெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

"நல்ல ஆளுன்னா வழி சொல்லணும் மச்சான். செலவு சொல்லக்கூடாது" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார் ரெங்கசாமி. சொன்னது எனக்கு.

பதினோரு பஸ்ஸும் வரிசையாக என் கண்முன்னால் ஹாரன் அடித்தன.

"செஞ்சுரலாம் சார்" என்றேன்.

நாற்பத்திரண்டும் எரிந்தன. நீலம் கலந்த வெள்ளை. கீழே விழுந்த குண்டூசியை எடுக்கலாம். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தோஹா மால் மாதிரி இருக்குடா மலையாண்டி!"

கலைமதி அக்காள் படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"பெரியாஸ்பத்திரியில ராத்திரி டூட்டி ரூமு மாதிரி இருக்கு. நர்ஸு ஊசியோட வந்துருவாளோன்னு பயமா இருக்கு."

"ஒனக்கு ரசனை இல்ல."

"இருந்திருந்தா இந்தக் குடும்பத்துல காலந்தள்ள முடியுமா?"

கிளம்பும்போது அண்ணனிடம், "வண்டிய ஸ்டார்ட் பண்ணாம ரொம்ப நேரம் லைட்டப் போடாதீங்க" என்று சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அதற்கு மேல் ஏன் என்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்துவிடுகிறேன்.

"அட, எல்.இ.டி. தம்பி! அது கரண்டே திங்காது" என்றார் அவர்.

பழைய பல்பாக இருந்தவரை ஒரு பல்பு கூட வீணாக எரியாது. கக்கூஸுக்குப் போகிறவர் கூட வெளியே வந்ததும் அணைத்துவிடுவார். கரண்டே தின்னாத பல்பு வந்ததும் அணைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. செவ்வாய், புதன், வியாழன் மூன்று ராத்திரியும் நாற்பத்திரண்டும் எரிந்தன. வண்டியைப் பார்க்க ஊரே வந்தது. கக்கூஸைப் பார்த்தவர்கள் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார்கள். பெண்கள் கண்ணாடிமுன் உட்கார்ந்து போட்டோ எடுத்தார்கள். விடிந்தபிறகும், வெயிலில் தெரியாத வெளிச்சம் உள்ளே எரிந்துகொண்டிருக்கும். வண்டி ஒரு தடவைகூட ஸ்டார்ட் ஆகவில்லை. டீசல் வீணாகுமே!

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு நல்ல நேரம் ஆரம்பம், பத்தேகாலுக்கு முடிவு. பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும். ஒன்பது இருபதுக்கு எனக்குப் போன் வந்தது. ஊரிலேயே இருந்ததால் ஐந்து நிமிஷத்தில் போய்விட்டேன். வண்டிக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம். கலைமதி அக்காள் பட்டுச்சேலை கட்டிக் கீழ்த்தட்டுக் கட்டிலில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம். திரும்பவும் திருப்பினார். இந்தத் தடவை அந்த டக்கும் இல்லை.

பேட்டரிப் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தேன். ஒரு பேட்டரி ராஜா மாதிரி இருந்தது. இன்னொன்றில் எட்டு வோல்ட்கூட இல்லை. நான் ஒயர் இழுத்திருந்தது அதில்தான்.

"என்னடா காட்டுது?"

நாக்கு நுனியில் உண்மை நின்றது. வாசலில் ரெங்கசாமியும் நின்றார்.

"பேட்டரி கொஞ்சம் எறங்கியிருக்குண்ணே."

"புதுப் பேட்டரிடா! மூணு மாசம்கூட ஆகல!" என்றவர், நான் பதில் தேடுவதற்குள் தானே பதிலையும் கண்டுபிடித்துவிட்டார். "கண்ணு. வேற ஒண்ணுமில்ல. மூணு நாளா ஊரே வந்து வாயப் பொளந்து பாத்துச்சுல்ல? அதான்."

"ஆமா மச்சான். கக்கூஸையே அத்தன பேரு பாத்தா எப்படித் தாங்கும்?" என்றார் ரெங்கசாமி.

கண் பட்டதற்கு எந்த எலக்ட்ரீஷியனும் பொறுப்பில்லை. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டேன். போடும்போதே, யாரும் பார்க்காமல், ஒற்றை பேட்டரியிலிருந்து பல்புக்குப் போன ஒயரைக் கழற்றி விட்டேன்.

"கடைக்குப் போயி வேற பேட்டரி எடுத்தாரேன். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்" என்றேன்.

"ராகுகாலத்துல கெளம்பச் சொல்றியா? தள்ளுனா ஸ்டார்ட் ஆகுமா?"

"ஆகும். ஆனா ஆளு நெறைய வேணும்."

ஆள் என்றதும் அங்கே நின்ற ஆண்களுக்கு ஒவ்வொரு உறுப்பாக வலிக்க ஆரம்பித்தது. ஒருவருக்கு மூட்டு, ஒருவருக்கு ஹெர்னியா, ஒருவர் வெள்ளை வேட்டி. ஆனால் எப்படித் தள்ள வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த நேரத்துக்கு மண்வெட்டியும் கூடையும் சோற்றுவாளியுமாக நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் தெருவில் வந்தார்கள். பதினேழு பேர். கண்மாயில் வேலை. முன்னால் சொர்ணம் அக்காள், நடுவில் என் அழகி.

"ஏ சொர்ணம், செத்த கை குடுங்க ஆத்தா, எல்லாருமா. ரெண்டு தள்ளு, அவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

"பத்து மணிக்குப் போட்டோ எடுத்துருவாங்கண்ணே. போட்டோவுல மூஞ்சி இல்லாட்டி அன்னைக்குக் கூலி இல்ல."

"ரெண்டு நிமிச வேலை ஆத்தா. கோயிலுக்குப் போற வண்டி, புண்ணியமாப் போகும்."

"புண்ணியத்த ரேசன் கடையில வாங்கிக்கிறுவானா?" என்றாள் சொர்ணம். ஆனால் கூடையை இறக்கி வைத்துவிட்டாள். எங்கள் ஊர்ப் பெண்களிடம் இதுதான் கோளாறு. வாய் இல்லை என்று சொல்லும்போதே கை வேலையைத் தொடங்கிவிடும்.

"மலையாண்டி, நீ மேல ஏறு. தனியா விட்டா எனக்கு ஆஃப் ஆயிரும். நீ பக்கத்துல இருந்து சொல்லு" என்றார் அண்ணன்.

ஏறினேன். கழுத்து திரும்பாததால் பின்னால் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் பக்கத்துக் கண்ணாடி இருந்தது. அதில் அழகி தெரிந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோளை வண்டிக்குக் கொடுத்து, காலைப் பின்னால் ஊன்றியிருந்தாள்.

"ஏன்டி அழகி, ஒம்புருசன் பாத்த வண்டிதான? அவரு மேல ஒக்காந்துக்கிட்டு ஒன்னையத் தள்ள விட்டுருக்காரு?"

"கழுத்து சொகமில்லக்கா. கொலு பொம்ம மாதிரி ஒக்கார வச்சிருக்காங்க."

"பெறகு சுண்டலு குடுப்பாங்களா?"

சிரிப்போடு சிரிப்பாக முதல் தள்ளு. வண்டி நாலு அடி நகர்ந்து நின்றது. இரண்டாவது தள்ளில் தெருமுக்குவரை போனது. அண்ணன் கிளட்சைப் படக்கென்று விட்டதில் குலுங்கி நின்றது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் நின்ற ஆண்கள், "ஒண்ணாத் தள்ளுங்கத்தா, ஒண்ணா!" என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தார்கள். மூன்றாவது தள்ளு கோயில் மேட்டில். கண்ணாடியில் தெரிந்த முகமெல்லாம் வியர்வையில் மினுங்கின. ஒருத்தி கால் இடறிக் கீழே விழுந்து, எழுந்து, புழுதியைத் தட்டாமலே ஓடிவந்து மறுபடி கை வைத்தாள். மேடு முடிந்து சரிவில் வண்டி தானாக உருள ஆரம்பித்தது.

"இப்ப விடுங்கண்ணே!"

எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தது. மணி பத்து ஐந்து.

நிறுத்தினால் அணைந்துவிடும் என்று அண்ணன் நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்து என்னை மட்டும் மெயின் ரோட்டில் உதிர்த்துவிட்டுப் போனார். கலைமதி அக்காள் ஜன்னலில் தலையை நீட்டி, "டீ குடிச்சுட்டுப் போங்கத்தா!" என்று பின்னால் பார்த்துக் கத்தினாள். வீடு பூட்டியிருந்தது. சாவி வண்டியில் ராமேஸ்வரம் போய்க்கொண்டிருந்தது.

கண்மாயில் நடந்ததை அழகி சாயங்காலம் சொன்னாள். தள்ளிக்கொண்டே கோயில் மேட்டுக்கு வந்துவிட்டதால், திரும்பிப் போய்க் கூடையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போய்ச் சேரும்போது பத்தே முக்கால். பொறுப்பாளர் பிரகதீஸ்வரி போட்டோ எடுத்து அனுப்பி முடித்திருந்தாள்.

"அக்கா, நான் பத்து பத்து வரைக்கும் நின்னு பாத்தேன். வந்தவங்க வெயில்ல நிக்கிறாங்க. அதுக்கு மேல நான் என்ன செய்ய? அனுப்புனதுக்கப்பறம் ஒரு ஆளச் சேக்க முடியாதுக்கா" என்றாளாம். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல வழியில்லை.

"கேரவனத் தள்ளுன போட்டோ வேணா எவனாச்சும் எடுத்திருப்பான், அத அனுப்பு. அதுவும் வேலைதான?" என்றாளாம் சொர்ணம்.

"அதுக்குத் தனித் திட்டம் வரணும்க்கா."

பதினேழு பேரும் வந்த வழியே திரும்பியிருக்கிறார்கள். சோற்றுவாளியைத் திறக்காமலே.

அழகி தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். கழுத்து அதற்கு உதவியாக இருந்தது.

"பேட்டரிக்கு என்ன வந்துச்சு?"

"கண்ணு பட்டுருச்சுன்னு அண்ணன் சொன்னாரு."

"அவரு சொன்னாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"அதான் கேக்குறேன். நீங்க மீட்டர வச்சுப் பாத்தப்ப நான் தெருவுல வந்துக்கிட்டிருந்தேன். ஒங்க மூஞ்சியப் பாத்தேன். கடன் குடுத்தவனத் தெருவுல கண்டா இப்படித்தான் ஆகும் அந்த மூஞ்சி."

சொல்லிவிட்டேன். எட்டு வோல்ட், ஒற்றை பேட்டரி, கன்வெர்ட்டர், பதினோரு பஸ் எல்லாம். அழகி கேட்டுக்கொண்டே தைல பாட்டிலை மூடினாள்.

"ரெங்கசாமி முன்னாடி சொல்ல முடியல. சரி. நாங்க கூடைய எறக்கி வச்சப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல? வேணாம், போங்க, நான் போயி பேட்டரி எடுத்தாரேன்னு?"

அன்றைக்கு ஒத்தடம் இல்லை.

மறுநாள் காலையில் ரெங்கசாமி போன் செய்தார்.

"மலையாண்டி, மச்சான் ராமேஸ்வரம் போய்ச் சேந்துட்டாரு. உள்ள லைட்டு எதுவும் எரியலையாம். கண்ணு பட்டது அதையும் பிடிச்சிருச்சுங்குறாரு. வந்ததும் பாத்துக் குடு. ஒன்னையப் பத்தி ரொம்பப் பெருமையாச் சொன்னாரு. ஆபத்துல கூட நின்ன பயன்னாரு. திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வா. பதினோரு பஸ்ஸும் இனிமே நீதான்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். கழுத்து சுளீரென்றது.

"சார், ரொம்ப நன்றி சார்."

"மொதல்ல உள்ள இருக்குற பல்பு எல்லாத்தையும் எல்.இ.டி.யா மாத்திரு. பல்பு நான் வாங்கிட்டேன். மச்சான் வாங்குன எடத்துலதான், சல்லிசா இருந்துச்சு."

"எத்தன வோல்ட்டு சார்?"

"பன்னெண்டு. அதுக்கென்ன? அவருக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சுரு."

பக்கத்தில் அழகி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. தலை நிமிரவில்லை.

அப்படியே நடந்ததைச் சொல்லியிருந்தால் கதை நன்றாக இருந்திருக்கும். பஸ் வேலை கையைவிட்டுப் போயிருக்கும். பாதி வீரம் எல்லோரிடமும் இருக்கிறது. என்னிடமும் பாதிதான் இருந்தது.

"சார், அது நிக்கிற வண்டி. இது புள்ளைங்க ஏறுற வண்டி. வழியில நின்னுட்டா புள்ளைங்களத்தான் தள்ளச் சொல்லணும். பஸ்ஸுக்கு ஒரு கன்வெர்ட்டர் போட்டாத்தான் நான் கையில தொடுவேன்."

பெற்றோர் போன் செய்து திட்டுவது அவருக்கு இப்போதே கேட்டிருக்க வேண்டும்.

"சரி, போட்டுத் தொலை. ஃபீஸோட சேத்துக்கிறேன்" என்றார்.

பஸ் கிடைத்துவிட்டது. போனை வைத்ததும் அழகி கீரையை ஆய ஆரம்பித்தாள்.

"புள்ளைங்களுக்காக ஒங்க வாய் தொறந்துச்சு. நல்லது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இரண்டு மாதமாகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தடவை பணம் வந்தது. முதல் தடவை கடை வாடகை பாக்கிக்குப் போனது, இரண்டாம் தடவை புது மீட்டர் வாங்கினேன். அய்யப்பன் அண்ணன் வண்டிக்கு என் கைக்காசில் கன்வெர்ட்டர் போட்டு, கண் திருஷ்டி நீங்கிவிட்டது என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் பூசணிக்காய் உடைத்தார். இப்போது மேல்தட்டில் நன்றாகத் தூங்குகிறார்.

அன்றைக்குப் போன கூலியைச் சொர்ணம் அக்காள் அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் ராமேஸ்வரத்துத் தீர்த்தம் ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குத் தெரிந்து அது கண் பட்ட வண்டி. என் கடைக்கு முன்னால் பஸ் ஏற நிற்கும்போது அவள் அதைச் சொல்லித்தான் சிரிப்பாள். நான் ஒயரை உரித்துக்கொண்டிருப்பேன்.

சொர்ணம் முதல் அழகி வரை பதினேழு பேருக்கும் ஆளுக்கு ஒரு நாள் கூலி. தர வேண்டியவன் நான். இன்னும் தரவில்லை.